மெசின் நின்றால் பயிர் வாடும்: எரிபொருள் தெரிவும் இயந்திரப் பராமரிப்பும்

இடம்பெயர்ந்து மீண்டும் நிலத்தில் கால் வைக்கும் ஒரு விவசாயக் குடும்பம் முதலில் தேடுவது விதையும் தண்ணீரும் ஆகும். தண்ணீருக்கு ஒரு நீரிறைக்கும் இயந்திரம் வேண்டும். சிலர் கடன்பட்டு அதை வாங்குகின்றனர். சிலருக்கு உதவித் திட்டத்தில் கிடைக்கின்றது. வேறு சில இடங்களில் ஐந்து, ஆறு குடும்பங்கள் கூடி ஒரு மெசினை வைத்திருக்கின்றன. எப்படி வந்தாலும், அந்த மெசின் வெங்காயம் முற்றும் காலத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டால் அந்தப் போகமே போய்விடும். கடன் மட்டும் மிஞ்சும்.

மெசின் பழுதாவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் தலைவிதி அல்ல. பொருந்தாத எரிபொருள், மாற்றாத ஒயில், அடைபட்ட காற்று வடி ஆகிய மூன்றுமே அநேக மெசின்களைக் கெடுக்கின்றன. இம்மூன்றையும் கவனிப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு சாவி, ஒரு துணி, ஒரு கொப்பி இருந்தால் போதும்.

1. இயந்திரத்தினுள் நடப்பது என்ன?

பெற்றோல் இயந்திரத்தில் நான்கு வேலைகள் மாறி மாறி நடக்கின்றன. முதலில் பிஸ்டன் கீழிறங்கி, காற்றையும் பெற்றோல் ஆவியையும் உள்ளே இழுக்கின்றது. பின்பு மேலேறி அந்தக் கலவையை நெருக்குகின்றது. நெருக்கிய கலவைக்குப் பிளக் தீப்பொறி கொடுக்கின்றது. அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. நான்காவதாக எரிந்த புகை வெளியே போகின்றது. மூன்றாவது வேலையில்தான் நமக்கு வேண்டிய பலம் கிடைக்கின்றது.

ஆகவே நல்ல பலத்திற்கு நான்கு காரியங்கள் வேண்டும்: போதிய காற்று, பொருத்தமான எரிபொருள், நல்ல நெருக்கம், சரியான நேரத்தில் நல்ல தீப்பொறி. ஒரு மெசின் 'இழுக்கவில்லை' என்றால் இந்த நான்கில் ஒன்று குறைந்திருக்கிறது என்று பொருள். பழுது தேடும்போது இந்த வரிசையை மனதில் வைத்திருங்கள்.

டீசல் இயந்திரத்தில் பிளக் இல்லை. வெறும் காற்றை மாத்திரம் மிகக் கடுமையாக நெருக்கும்போது அந்தக் காற்று கொதித்துச் சூடேறுகின்றது. அதற்குள் டீசலைப் பீச்சியதும் அது தானாகவே தீப்பற்றுகின்றது. பெற்றோல் இயந்திரம் கலவையைப் பொதுவாக எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு வரைக்கும் நெருக்கும். டீசல் இயந்திரமோ பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்கும். இதனால்தான் இரண்டுக்கும் ஒரே எண்ணெய் பொருந்துவதில்லை.

2. மண்ணெண்ணெய்க் காலம் கற்பித்த பாடம்

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையை வடபகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். பெற்றோல் கிடையாத அந்த ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள்களும், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அது நம் மக்களின் கெட்டித்தனம். ஆனால் அது ஏன் முடிந்தது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாவதற்கு ஏறத்தாழ 150 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். எனவே குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் கிளம்பாது. கிளம்பிச் சூடான பின்னர்தான் அது ஓரளவு எரியும்.

இரண்டாவது வேறுபாடு ஒக்ரேன் எண். இறுக்கி நெருக்கும்போது நேரத்துக்கு முன் வெடிக்காமல் பொறுத்திருக்கும் தன்மையையே அந்த எண் காட்டுகின்றது. நம் நாட்டில் விற்கும் பெற்றோல் 92, 95 ஆகிய எண்கள் கொண்டது. மண்ணெண்ணெயின் எண் இதைவிட மிகத் தாழ்வானது. அதை அதிகம் நெருக்கினால் நேரத்துக்கு முன்பே வெடித்து, மேலேறும் பிஸ்டனின் தலையில் அடிக்கும். சுமை ஏறும்போது 'டக் டக்' என்று சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்பது இதனால்தான். பழைய கார்கள் கலவையைக் குறைவாகவே நெருக்கின. அதனால் தாங்கின. புதிய இயந்திரங்கள் அதிகம் நெருக்குகின்றன. அவற்றில் அதே வித்தையைச் செய்தால் பிஸ்டன் உடையலாம், வால்வு கருகலாம்.

மூன்றாவது பாதிப்பு கண்ணுக்குத் தெரியாதது. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து கீழே உள்ள ஒயிலோடு கலக்கின்றது. ஒயில் தண்ணீர் போலாகி, தேயும் பாகங்களைக் காக்கும் பலத்தை இழக்கின்றது. பல இயந்திரங்கள் அக்காலத்தில் றிங் தேய்ந்து புகை கக்கியதற்கு இது முக்கிய காரணம்.

இன்று விலையிலும் மாற்றம் வந்துவிட்டது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்நாளில் 92 ஒக்ரேன் பெற்றோல் 450 ரூபா. முன்பு பெற்றோலின் விலையில் ஐந்திலொரு பங்கும் இல்லாதிருந்த மண்ணெண்ணெய், ஒரே இரவில் அதன் முக்கால் பங்கை எட்டியது. ஆகவே 'மண்ணெண்ணெய் என்றால் மலிவு' என்ற பழைய எண்ணத்தை வைத்துக்கொண்டு பெற்றோல் மெசினில் அதை ஊற்றுவதற்கு முன், வாங்கும் நாளின் விலையையும் மெசினின் தேய்மானத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

3. எந்த மெசினுக்கு எந்த எண்ணெய்?

பெற்றோல் மெசின்: 92 ஒக்ரேன் போதும். 95 ஊற்றினால் அதிக பலம் வரும் என்று சிலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. அதிகம் நெருக்கும் இயந்திரத்துக்கே 95 தேவை. சிறிய நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அது வீண் செலவு. வாகனம் வைத்திருப்போரும் கைநூலில் குறித்துள்ள எண்ணைப் பார்த்து வாங்கினால் போதுமானது.

பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் மெசின்: இதற்கென்றே குறைந்த நெருக்கத்துடன் செய்யப்பட்டது. இரண்டு எண்ணெய்க்கும் தனித்தனி இடம் இருக்கும். பெற்றோலில் கிளப்பி, மெசின் நன்றாகச் சூடான பின்னரே மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். திருப்பியதும் புகை தள்ளித் திணறினால் இன்னும் சூடாகவில்லை. திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகவும் பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். அப்போதுதான் காபரேற்றரில் பெற்றோல் நிற்கும். மறுநாள் இலேசாகக் கிளம்பும். சுமையில்லாமல் மண்ணெண்ணெயில் நெடுநேரம் ஓடவிடாதீர்கள். சூடு குறைந்து, எண்ணெய் ஒயிலுக்குள் இறங்கும்.

டீசல் மெசினும் லாண்ட்மாஸ்டரும்: டீசலைத் தவிர வேறொன்றும் ஊற்றக்கூடாது. டீசலைப் பீச்சும் பம்பியின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே வழுக்கெண்ணெய். மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழுவழுப்புக் குறைந்து பம்பி தேயும். பம்பியும் நொசிலும் மாற்றும் செலவு, கலந்து மிச்சம் பிடித்த காசைவிடப் பலமடங்கு வரும்.

4. தண்ணீர், தூசி, பழைய பெற்றோல்

எரிபொருள் நல்லதாக இருந்தாலும் வைத்திருக்கும் முறையால் அது கெடுகின்றது. கானில் அரைவாசி எண்ணெய் இருந்தால் மீதி இடத்தில் காற்று நிற்கும். இரவுக் குளிரில் அந்தக் காற்றின் ஈரம் துளியாகி எண்ணெய்க்குள் இறங்கும். தண்ணீர் பாரமானது, அடியில் தங்கும்.

சந்தேகம் வந்தால் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் சிறிது எண்ணெய் எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் வேறாகத் தெரியும். டீசலை ஒரு இரவு அசையாமல் வைத்து, அடியிலுள்ள இரண்டு அங்குலத்தை விட்டு மேலே உள்ளதை மட்டும் ஊற்றுவது நல்ல பழக்கம். எப்போதும் வலை போட்ட புனலால் ஊற்றுங்கள்.

பெற்றோல் நாட்பட்டால் பசைபிடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் மெசினை ஓட்டப் போவதில்லை என்றால் தாங்கியிலும் காபரேற்றரிலும் உள்ள பெற்றோலை வடித்துவிடுங்கள். மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்த மெசின் மாசி மாதத்தில் கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் காபரேற்றரில் காய்ந்த இந்தப் பசையே. பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மேசைக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்து, பிளக்கைப் பூட்டி வைத்தால் சிலிண்டர் துருப்பிடிக்காது.

இடம் மாறும்போது மெசினைப் பெட்டியில் சரித்துப் படுக்க வைக்காதீர்கள். ஒயில் காற்று வடிக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் ஏறும். எண்ணெய்த் தட்டை மூடி, நிமிர்த்தியே கட்டிக்கொண்டு போங்கள். வெள்ளத்தில் மூழ்கிய மெசினை உடனே கிளப்பிப் பார்க்கவே கூடாது. ஒயிலையும் எண்ணெயையும் வடித்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, காயவைத்து, புது ஒயில் விட்ட பின்னரே கயிற்றை இழுக்க வேண்டும்.

5. பராமரிப்பு அட்டவணை

பொதுவான சிறிய பெற்றோல் நீரிறைக்கும் இயந்திரத்துக்குரிய கணக்கு இது. உங்கள் மெசினின் கைநூல் வேறு கூறினால் கைநூலையே பின்பற்றுங்கள்.

ஒவ்வொரு நாளும்: மெசினைச் சமதரையில் வைத்து ஒயில் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் விடுங்கள். கூடியிருந்தால் கவலைப்படுங்கள், எண்ணெய் ஒயிலுக்குள் இறங்குகிறது என்பதே அதன் பொருள். விரலில் தொட்டு மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மணம் அடித்தால் ஒயிலை உடனே மாற்ற வேண்டும். கழன்ற ஆணிகள், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றையும் பாருங்கள்.

50 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை: காற்று வடியைச் சுத்தம் செய்யுங்கள். தூசி பறக்கும் கோடைக் காலத்தில் பத்து மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். ஸ்பொஞ் வகையானால் சவர்க்கார நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சில துளி ஒயில் தடவிப் பிழிந்து போடுங்கள். காகித வகையானால் மெதுவாகத் தட்டித் தூசியை நீக்குங்கள், கழுவக் கூடாது. காற்று வடி இல்லாமல் ஒருநாளும் ஓட்டாதீர்கள். உள்ளே போகும் மண், அரத்தாளைப்போல் சிலிண்டரை உராயும்.

100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை: ஒயில் மாற்றுங்கள். புது மெசினுக்கு முதல் மாற்றம் 20 மணித்தியாலத்தில். மண்ணெண்ணெயில் ஓடும் மெசினுக்கு இன்னும் அடிக்கடி மாற்றுவது நல்லது. இந்த அளவு மெசின்களுக்கு ஏறத்தாழ 0.6 லீற்றர் ஒயில் போதும். எங்கள் வெப்பத்துக்கு எஸ்.ஏ.ஈ. 30 வகை பொருந்தும். மெசின் சூடாக இருக்கும்போதே பழைய ஒயிலை வடித்தால் அழுக்கும் சேர்ந்து வெளியேறும். பழைய ஒயிலை நிலத்தில் ஊற்றாதீர்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லினூடாக அது கிணற்றை அடையும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்களை எவ்வளவு கலக்கியது என்பதை நாம் அறிவோம்.

அதே 100 மணித்தியாலத்தில் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பிளக் என்பது இயந்திரத்தின் நாக்கு. வைத்தியர் நாக்கைப் பார்த்து நோயறிவது போல நாமும் அறியலாம்.

- இளம் மண்ணிறம்: எல்லாம் நலம்.
- காய்ந்த கரி: எண்ணெய் கூடுதல் அல்லது காற்றுக் குறைவு. முதலில் காற்று வடியைப் பாருங்கள்.
- ஈரமான, ஒயில் படிந்த கறுப்பு: ஒயில் மேலே ஏறுகிறது, றிங் தேய்ந்திருக்கலாம்.
- வெள்ளை நிறம்: சூடு அதிகம் அல்லது எண்ணெய் போதாது. காபரேற்றரில் அடைப்பு இருக்கலாம்.

பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும்.

தண்ணீரால் குளிரும் டீசல் மெசினுக்கும் லாண்ட்மாஸ்டருக்கும் இன்னொரு கவனம் தேவை. எங்கள் கிணற்று நீர் பல இடங்களில் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு இயந்திரத்தின் நீர்வழிகளிலும் படிந்து, சூடு வெளியேறுவதைத் தடுக்கும். சேமித்த மழைநீரை ஊற்றுவது உத்தமம். சூடான மெசினின் ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும். டீசல் தீரும்வரை ஓடவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்து, பின்பு எண்ணெய் ஊற்றினாலும் கிளம்பாது. காற்றை வெளியேற்றும் ஆணியைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும்.

6. கணக்கு வையுங்கள்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். ஆனால் மெசின் வைத்திருப்பவன் கணக்குப் பார்க்காவிட்டால்தான் ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு ஓர் இலகுவான சோதனை உண்டு. தாங்கியை ஒரு குறிவரை நிரப்பி, ஒரு மணித்தியாலம் தண்ணீர் இறையுங்கள். பின்பு அளவுச் சாடியால் மீண்டும் அதே குறிவரை நிரப்புங்கள். எவ்வளவு பிடித்ததோ அதுவே ஒரு மணித்தியாலச் செலவு. இதை மாதம் ஒரு தடவை, அதே கிணற்றில், அதே வேகத்தில் செய்து கொப்பியில் எழுதுங்கள்.

உதாரணமாக, ஒரு லீற்றரில் முன்பு 60 நிமிடம் ஓடிய மெசின் இப்போது 48 நிமிடமே ஓடுகிறது என்று கொள்வோம். மாதம் 40 மணித்தியாலம் இறைக்கும் குடும்பத்துக்கு முன்பு 40 லீற்றர் போதியது. இப்போது 50 லீற்றர் வேண்டும். அந்தப் பத்து லீற்றரும் காற்று வடியின் அடைப்பாலும் கரி பிடித்த பிளக்காலும் புகையாய்ப் போகின்றது. காற்று வடியைக் கழுவச் சவர்க்காரமும் கால் மணித்தியாலமும் போதும்.

பல குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் மெசினுக்கு இந்தக் கொப்பி இன்னும் அவசியம். 'எல்லோருடைய மெசினும் ஒருவருடைய மெசினும் அல்ல' என்ற நிலை வரக்கூடாது. ஓடிய மணித்தியாலம், ஊற்றிய எண்ணெய், ஒயில் மாற்றிய திகதி, ஓட்டியவரின் பெயர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு சிறு தொகையைச் சேர்த்து வைத்தால், ஒயிலுக்கும் பிளக்குக்கும் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. பெண்களும் பிள்ளைகளுமே தோட்டத்தைப் பார்க்கும் குடும்பங்கள் பல உள்ளன. ஆகவே ஒயில் பார்ப்பதையும் பிளக் கழற்றுவதையும் வீட்டில் எல்லோரும் பழக வேண்டும்.

7. உயிருக்கு ஆபத்தான நான்கு பழக்கங்கள்

முதலாவது, மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது. நீர்மட்டம் கீழே போகும் கோடையில், மேலிருந்து ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழுள்ள தண்ணீரை மெசின் இழுக்காது. அதனால் சிலர் அதைக் கிணற்றுக்குள் இறக்குகின்றனர். இயந்திரப் புகையில் காபன் மொனொக்சைட் என்ற நஞ்சு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்றுக்குள் அது தங்கி நிற்கும். முதலில் தலைவலி, தலைச்சுற்று, பின்பு மயக்கம், மரணம். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுவார். ஆகவே எந்த நிலையிலும் மெசினை உள்ளே இறக்காதீர்கள். அறைக்குள்ளும் மாட்டுக் கொட்டிலுக்குள்ளும் ஓட்டாதீர்கள். ஒருவர் கிணற்றுக்குள் மயங்கினால் மெசினை நிறுத்தி, உடனே உதவி கூப்பிடுங்கள். கயிறு கட்டாமல், காற்றோட்டம் செய்யாமல் எவரும் இறங்கக் கூடாது.

இரண்டாவது, ஓடும் மெசினுக்கு எண்ணெய் ஊற்றுவது. நிறுத்தி, ஆறவிட்டு, பீடியையும் விளக்கையும் தூர வைத்து ஊற்றுங்கள். கிடுகு வேய்ந்த வீட்டுக்குள் பெற்றோல் கானை வைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, குழாயை வாயால் உறிஞ்சி எண்ணெய் எடுப்பது. நாலாவது, சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைப்பது. தாகத்தில் குழந்தை அதை எடுத்துக் குடித்துவிடும். பெரியவரோ குழந்தையோ எண்ணெயை விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் சுவாசப்பைக்குள் போகும். தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் மெசின் எவ்வகையைச் சேர்ந்தது? அதற்கு உரிய எண்ணெயையே ஊற்றுகிறீர்களா?
2. கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள்? அதற்குப் பின் எத்தனை மணித்தியாலம் ஓடியது?
3. எல்லோரும் ஒரு பிளக்கைக் கொண்டு வாருங்கள். நிறத்தைப் பார்த்து அந்த மெசினின் நோயைக் கூறுங்கள்.
4. உங்கள் ஊரில் கிணற்றுக்குள் மெசின் இறக்கும் வழக்கம் உண்டா? அதை நிறுத்த யார், யாரிடம் பேசுவது?
5. கூட்டு மெசின் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு முன் கொப்பியைத் தொடங்கப் பொறுப்பேற்பவர் யார்?